அப்பாவின் கைநாட்டு

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (வேதியியல்)

எங்கள் வீட்டுக்குள் பேனா வந்தது என்னோடுதான். அப்பா கிணறு வெட்டுபவர். அம்மா களையெடுக்கப் போகிறவர். இருவருக்கும் கையெழுத்து என்றால் கைநாட்டுத்தான். தருமபுரி மாவட்டத்துக் குக்கிராமம் ஒன்றிலிருந்து, எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். ஆயினும் சேர்க்கை விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் நான் எழுதியது 'விவசாயம்' என்ற பொய். காரணம் சொல்லத் தேவையில்லை. உங்களில் சிலரும் இப்படி எழுதியிருப்பீர்கள்.

முதலாண்டில் திரிசாரணர் படையில் சேர்ந்தேன். சேவை மனப்பான்மையால் அன்று, நண்பர்களே. 25 வயதுக்குள் குடியரசுத் தலைவர் விருது பெறலாம் என்று கேள்விப்பட்டேன். நாட்டின் முதற்குடிமகன் பெயரால் வரும் சான்றிதழை எங்கள் வீட்டு மண்சுவரில் மாட்ட வேண்டும் என்ற ஆசை பிறந்தது. அவ்வளவுதான்.

இவ்வியக்கத்தின் வரலாற்றை அதன் பிறகே படித்தேன். 1907-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் சிறுவர்களை வைத்து நடத்திய முகாமில் தொடங்கியது இது. நம் நாட்டுக்கு வந்தபோது ஆங்கிலேயர் வீட்டுப் பிள்ளைகளுக்கே இடம் தந்தது. 1916-ல் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார் இந்தியச் சிறுவர்களுக்கென்று தனிச் சாரணர் சங்கம் கண்டார். பிரிந்து கிடந்த அமைப்புகள் இணைந்து, 1950 நவம்பர் 7-ல் பாரத சாரண சாரணியர் இயக்கம் உருவாயிற்று. அதில் திரிசாரணருக்கு வாய்த்த குறிக்கோள் ஒரே சொல்: சேவை.

விருதுக்குச் சமுதாயப் பணி ஒன்றைத் திட்டமிட்டு நடத்திக் காட்ட வேண்டும். ஒரே இரவில் திட்டம் எழுதினேன். காந்தி ஜெயந்தியன்று எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் 100 மரக்கன்றுகள், தலைமை தாங்க ஒரு பெரிய மனிதர், புகைப்படம். படைத் தலைவரான எங்கள் விரிவுரையாளர் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "மே மாதத்தில் தண்ணீர் ஊற்றப் போவது யார்?" விடையில்லை. "ஊரில் நான்கு பேரிடம் என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு வா" என்றார்.

கேட்பானேன்? எங்கள் ஊரின் குறை என்னவென்று வேதியியல் மாணவனான எனக்குத் தெரியாதா? பாறைக்கடியிலிருந்து வரும் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுதி. ஒரு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டினால் கேடு. வளரும் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை படியும். மேலும் மிகுந்தால் நாளடைவில் மூட்டும் முதுகும் விறைக்கும். 2013-ல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தால் எங்களுக்குக் காவிரி நீர் வருகிறது. ஆனால் பழக்கம் மாறவில்லை. காவிரி நீர் குடிக்க மட்டும். சோறும் களியும் அடிபம்பு நீரில்தான். "கொதித்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்பது அம்மாவின் நம்பிக்கை. கொதித்தால் ஆவியாவது நீரே. ஃபுளோரைடு பாத்திரத்திலேயே தங்கிச் செறிவடையும்.

எங்கள் ஆய்வகத்தில் சிர்கோனியம்-அலிசரின் சாயத்தைக் கலந்து சோதித்தேன். ஃபுளோரைடு கூடக் கூடச் சாயத்தின் சிவப்பு வெளிறி மஞ்சளாகும். எங்கள் தெரு அடிபம்பு நீர் நன்றாகவே மஞ்சளாயிற்று. உடனே இரண்டாவது திட்டம்: ஊரிலுள்ள கெட்ட பம்புகளுக்கெல்லாம் சிவப்பு வர்ணம் பூசுவது!

இம்முறை கேட்டுப் பார்த்தேன். எதிர்வீட்டுப் பெரியம்மா குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே சொன்னார்: "நீ பாட்டுக்குச் செவப்பு அடிச்சிட்டுக் காலேஜுக்குப் போயிடுவ. நாங்க சோறாக்க எங்க போறது? பொண்ணு பாக்க வர்றவன் அந்தச் செவப்பப் பாத்தா இந்தத் தெருவுல பொண்ணு எடுப்பானா?" ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

இரவு அப்பாவிடம் புலம்பினேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "போர் வர்றதுக்கு முன்னாடி தெருக்கோடிக் கெணத்துத் தண்ணிதான் எல்லாருக்கும். உங்க தாத்தா வெட்டுனது. அதுல வளந்தவங்க பல்லப் பாரு." மறுநாள் முதல் வேலையாக முட்செடி மூடிக் கிடந்த அந்தக் கிணற்றிலிருந்து ஒரு புட்டி நீர் எடுத்துச் சென்றேன். சாயத்தின் சிவப்பு ஏறக்குறைய அப்படியே நின்றது. விரிவுரையாளரே இரண்டாம் முறை சோதித்துப் பார்த்தார்.

தூர் வாருவது என்று முடிவாயிற்று. அக்டோபரில் வைத்துக்கொள்ளலாமா என்றேன். அப்பா சிரித்துவிட்டார். "மழைக் காலத்துல எவனாவது கெணத்துல எறங்குவானா? சித்திரையில தண்ணி அடிக்குப் போகும், அப்பதான் சேறு எடுக்கணும்." பழங்கிணற்றில் விளக்கை இறக்கிப் பார்ப்பதையும், வேப்பங்குழையைக் கயிற்றில் கட்டி ஏற்றி இறக்கிக் காற்றை மாற்றுவதையும் சொன்னார். விளக்கு அணைந்தால் பிராணவாயு குறைவு என்று தெரியும். நச்சு வாயு உண்டா என்பதை அது காட்டாது என்றார் விரிவுரையாளர். ஆகவே தீயணைப்பு நிலையத்தாரிடம் கலந்துகொள்வது, மாணவர் எவரும் உள்ளே இறங்காமல் மேலே கயிறு இழுத்துச் சேறு சுமப்பது என்றும் எழுதிக்கொண்டோம். நீரைத் திரும்பவும் சோதிப்பது, பிளீச்சிங் பவுடர் இடுவது, வலை மூடி போடுவது, அதன் பிறகு முறை வைத்துப் பார்த்துக்கொள்வது யார் என்பதும் திட்டத்தில் உண்டு. இந்தக் கடைசிப் பொறுப்புக்கு முதலில் பெயர் கொடுத்தவர் அந்தப் பெரியம்மாதான்.

இறுதியாக, அனுபவமுள்ள ஆலோசகர் ஒருவரின் ஒப்புதலும் வேண்டும் என்றார் விரிவுரையாளர். பொறியாளர் எவரையேனும் தேடவா என்று கேட்டேன். "உனக்கு இத்தனை நாளும் சொல்லிக் கொடுத்தது யார்?" என்றார்.

அன்றிரவு 'ஆலோசகர்' என்ற இடத்தில் அப்பாவின் பெயரை எழுதினேன். 'தொழில்' என்ற இடத்தில், ஓராண்டுக்கு முன் எழுதக் கூசியதை எழுதினேன்: கிணறு வெட்டுதல். அப்பா பெருவிரலை மையில் தோய்த்தார். தாள் கெட்டுவிடுமோ என்று தயங்கி, "இது செல்லுமாப்பா?" என்று கேட்டார். "செல்லும் அப்பா" என்றேன்.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது சித்திரை நெருங்கியிருக்கும். விருது வருமோ வராதோ, நானறியேன். கயிறு இழுக்க ஆட்கள் தேவை. விடுமுறையில் வர விரும்பும் நண்பர்கள் என்னிடம் பெயர் கொடுங்கள். களியும் கீரையும் எங்கள் வீட்டில். காவிரி நீரில் ஆக்கியது.