எலிக்கும் மூச்சு வாங்கும்

எலிக்கு நெபுலைசர் வைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று சொன்னதும் கடற்கரை நடை நண்பர்கள் நின்று சிரித்தார்கள். நீங்களும் சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

நம் வீடுகளில் எலி என்றால் பொறி, பாஷாணம், பூனை. நம் பாட்டன்மாருக்கு எலி என்றால் பிளேக். அந்த நோயை எலியிடமிருந்து மனிதனுக்குக் கொண்டு வருவது தெள்ளுப்பூச்சி என்று 1898இல் கராச்சியில் கண்டறிந்தவர் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர்தான். அதே பிரான்சில் இன்று எலி செல்லப் பிராணி. அங்கே கால்நடை மருத்துவர்கள் எலி, முயல், கிளி எல்லாவற்றையும் சேர்த்து 'நூவோ அனிமோ த கொம்பாஞி' என்கிறார்கள். புதிய துணை விலங்குகளாம். நம் நெல் குதிருக்குள் அவை எவ்வளவு காலமாகத் துணையிருக்கின்றன என்பது அவர்களுக்குத் தெரியாது!

சார்செல்லில் இருக்கும் என் மகள் வீட்டில் இரண்டு எலிகள். பேத்திக்குப் பதினான்கு வயது. அவளுடைய பிள்ளைகள் அவை. நுவாசெத், கராமெல் என்று பெயர். எலி தனியாக இருந்தால் ஏங்கிப் போகும், அதனால் எப்போதும் ஜோடியாகத்தான் வளர்க்க வேண்டுமாம். போன பிப்ரவரியில் மகள் போனில் கேட்டாள்: "அப்பா, அம்மாவோட மிஷின் இன்னும் இருக்கா?"

இருந்தது. என் மனைவிக்கு ஆறு வருடம் ராத்திரியும் பகலும் ஓடிய மிஷின். அவள் போன பிறகு பீரோவின் கீழ்த்தட்டில், துணி சுற்றியபடி. யாருக்காவது கொடுக்கலாம் என்று பலமுறை நினைத்து, கொடுக்கவில்லை. எலிக்கு என்று கேட்டபோது முதலில் எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைப்பானேன். ஆனாலும் மார்ச்சில் கிளம்பும்போது பெட்டியில் வைத்தேன். பழைய முகமூடியையும் மருந்துக் கப்பையும் இங்கேயே விட்டுவிட்டேன். அவற்றை ஒருவருக்குப் பயன்படுத்தியதை இன்னொருவருக்கு வைக்கக் கூடாது. அங்கே புதிதாக வாங்கினோம்.

நுவாசெத்துக்கு அப்போது இருபது மாதம். எலியின் ஆயுளே இரண்டு, மூன்று வருடம் என்பதால் ஏறக்குறைய என் வயதுதான். கண்ணோரத்திலும் மூக்கிலும் சிவப்பாக ஒழுகியிருந்தது. நான் பதறினேன். "ரத்தம் இல்ல தாத்தா, போர்ஃபிரின்" என்றாள் பேத்தி. கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பியில் ஊறும் சிவப்பு நிறப் பொருள் அது. உடம்பு சரியில்லாதபோது அதிகமாக வழியும். பிறகு எலியை எடுத்து டெலிபோன் ரிசீவர் போலத் தன் காதில் வைத்தாள். நெஞ்சில் சத்தம் கேட்கிறதா என்று பார்க்க அதுதான் வழியாம். என் காதிலும் வைத்தாள். கடலை வறுபடுவது போல் ஒரு சன்னமான படபடப்பு. அந்தச் சத்தம் எனக்கு மிகவும் பழக்கமானது.

மருத்துவர் விளக்கினார். மைக்கோபிளாஸ்மா பல்மோனிஸ் என்ற கிருமி பெரும்பாலான வளர்ப்பு எலிகளுக்குக் குட்டியிலேயே தாயிடமிருந்து வந்துவிடுகிறது. அதை அடியோடு ஒழிக்க முடியாது, அடக்கி வைக்கலாம். வயதாகும்போதும், கூண்டுக் காற்று கெடும்போதும் தலைதூக்கும். டாக்சிசைக்ளின் எழுதிக் கொடுத்தார். பால், தயிரோடு சேர்ந்தால் அந்த மருந்து உடம்பில் சரியாகச் சேராது என்பதால் ஆப்பிள் மசியலில் குழைத்துக் கொடுத்தோம். கூடவே காலையும் மாலையும் கால் மணி நேரம் நெபுலைசர், வெறும் உப்பு நீரில். நாம் சலைன் என்பதை அங்கே 'சேரோம் ஃபிசியோலோழிக்' என்கிறார்கள். மருந்துக்கடையில் 5 மில்லி குப்பிகளாகக் கிடைக்கிறது.

இதற்கும் ஆவி பிடிப்பதற்கும் சம்பந்தமில்லை. மிஷின் தள்ளும் காற்று, நீரை மிக நுண்ணிய துளிகளாகச் சிதறடிக்கிறது. 5 மைக்ரானுக்குக் குறைவான துளிகள்தாம் நுரையீரலின் அடிவரை போகும். பெரியவை மூக்கிலேயே தங்கிவிடும். கட்டிச் சளி இளகும். சூடு கிடையாது. மூடிய பெட்டியில் வெந்நீர் ஆவி விட்டால் எலி செத்துப்போகும். சம்பந்தியம்மாள் யூகலிப்டஸ் தைலம் இரண்டு சொட்டு விடச் சொன்னார். மருத்துவர் கையெடுத்துக் கும்பிடாத குறையாக வேண்டாம் என்றார். எண்ணெய் எதுவும் நுரையீரலுக்குள் போகக் கூடாது.

எலிக்கு முகமூடி போட முடியுமா? மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை எடுத்தோம். ஒரு பக்கம் குழாய்க்கு ஓட்டை, எதிர்ப்பக்கம் காற்று வெளியேறச் சில சிறு துளைகள். மிஷின் வெளியே. முதல் நாள் நுவாசெத் பயந்து சுவரைப் பிறாண்டியது. கராமெலையும் உள்ளே விட்டதும் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து உட்கார்ந்துவிட்டன. முடிந்ததும் துடைத்து, ஈரம் போக மடியில் வைத்துக்கொள்வாள் பேத்தி. கப்பை ஒவ்வொரு முறையும் வெந்நீரில் கழுவிக் காயவைப்பது என் வேலை. ஈரத்தோடு விட்டால் அதிலேயே கிருமி வளரும்.

நான் கருவூலத்தில் முப்பத்து நான்கு வருடம் பதிவேடு எழுதியவன். கை சும்மா இருக்குமா? ஒரு கையேயில் தேதி, நேரம், எடை, தும்மல், நெஞ்சுச் சத்தம் என்று கட்டம் போட்டேன். இரண்டு வாரம் கழித்து அதைப் புரட்டிப் பார்த்த மருத்துவர், இதுபோல யாரும் கொண்டு வந்ததில்லை என்றார். என் சர்வீசில் எந்த அதிகாரியும் சொல்லாத வார்த்தை.

ஆனால் பாதி வேலை மிஷினுடையது அல்ல. எலி மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா அதன் நுரையீரலை அரிக்கிறது. தூசி பறக்கும் பைன் மரத்தூளை எடுத்துவிட்டுக் காகிதப் படுக்கை போட்டோம். அழுக்கை அன்றன்றே எடுத்தோம். வெள்ளிக்கிழமை சாம்பிராணியை மகள் நிறுத்தினாள். மாப்பிள்ளையின் சிகரெட் கீழே தெருவுக்கு இறங்கியது. என் மனைவிக்கும் சாம்பிராணிதான் ஆகாது.

வாய் திறந்து மூச்சு விட்டாலோ, விலா எகிறினாலோ பெட்டியில் போடாமல் நேரே மருத்துவரிடம் ஓட வேண்டும். மே மாதம் ஒரு ராத்திரி அப்படி ஓடினோம். ஆக்சிஜன் வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த முறை வந்தால் தூங்க வைப்பதைப் பற்றிப் பேசலாம் என்று மருத்துவர் பேத்தியிடமே மெதுவாகச் சொன்னார். காரில் வரும்போது அவள் கேட்டாள்: "பாட்டிக்குக் கஷ்டமா இருந்துச்சா, தாத்தா?"

கடைசி வாரம் இருந்தது, அதற்கு முன்னால் மிஷின் வைத்த ராத்திரிகளில் நன்றாகத் தூங்கினாள் என்றேன். அவள் மேலே கேட்கவில்லை.

ஜூனில் நான் புதுச்சேரி திரும்பினேன். ஆகஸ்ட் கடைசியில் நுவாசெத் போய்விட்டது; தூங்க வைக்கும்போது பேத்தி கையில்தான் வைத்திருந்தாளாம். கராமெலுக்கு இப்போது லேசான தும்மல். புதிதாக ஒரு குட்டியைத் துணைக்கு வாங்கியிருக்கிறார்கள். மிஷினை அனுப்பவா என்று மகள் கேட்டாள். அங்கேயே இருக்கட்டும், ஃபில்டரை மட்டும் மாற்று என்று சொல்லியிருக்கிறேன்.