ஹாலுக்குள் ஒரு கடல்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொளத்தூர் பக்கம் போயிருக்கிறீர்களா? ஊரே காபிக்குக் காத்திருக்கும் நேரத்தில் அங்கே ஒரு கூட்டம் பாலிதீன் பைகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கும். பைக்குள் தண்ணீர், தண்ணீருக்குள் மீன். குழம்புக்கு ஆகிற மீன் இல்லை. கப்பி, மோலி, ஏஞ்சல், ஃபைட்டர்! மொட்டை மாடியிலும் கொல்லைப்புறத்திலும் தொட்டி கட்டி வண்ண மீன் வளர்த்துப் பிழைக்கிற குடும்பங்கள் வட சென்னையின் இந்த மூலையில் ஏராளம்.

"பால் வாங்கிட்டு வாங்கன்னா எட்டு மணி வரைக்கும் தூக்கம். மீன்னா மட்டும் அஞ்சரைக்கே எழுந்துக்கறீங்க" என்பாள் என் மனைவி. பதில் சொல்லாமல் ஹெல்மெட்டை மாட்டிக்கொள்வேன். பதினைந்து வருட குமாஸ்தா உத்தியோகத்தில் நான் கற்றுக்கொண்ட ஒரே வித்தை அது.

நல்ல தண்ணீர் மீனோடு நிறுத்தியிருக்கலாம். விதி விடவில்லை. ஒரு கடையில் நீல விளக்குப் போட்ட தொட்டி. உள்ளே ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு கோமாளி மீன். 2003-ல் வந்த 'ஃபைண்டிங் நெமோ' படத்தின் கதாநாயகனேதான்! "அப்பா, நெமோ!" என்று என் பெண் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டாள். அந்த மாத பட்ஜெட் அங்கேயே காலி.

இரண்டடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். கணக்குப் போட்டால் சுமார் 88 லிட்டர். கண்ணாடி, மண், கல் எல்லாம் சேர்த்தால் நூறு கிலோவைத் தாண்டும். பழைய டி.வி. ஸ்டாண்டில் வைக்கலாம் என்று நினைத்தேன். மாமனார் அதை ஒரு ஆட்டு ஆட்டிக் காட்டினார். தச்சரைக் கூப்பிட்டேன்.

உப்பு விஷயத்தில் மாமியாருக்கு ஒரு யோசனை. "மாப்ளே, குழம்புக்குப் போடற கல்லுப்புல ரெண்டு கைப்பிடி போட்டா ஆச்சு. அதுவும் கடல்லேர்ந்துதானே வருது?"

நியாயமான கேள்விதான். ஆனால் உப்பளத்தில் கடல்நீர் காயும்போது எல்லாம் ஒன்றாகப் படிவதில்லை. சுண்ணாம்புச் சத்தில் பெரும்பங்கு முதலிலேயே படிந்துவிடும். பிறகு சோறாக்கும் உப்பு. மக்னீசியம் கடைசிக் கசப்பு நீரிலேயே தங்கிவிடும். கல்லுப்பு என்பது கடலின் ஒரு பங்குதான், முழுக் கடல் இல்லை. அதனால் மீன் தொட்டிக்கென்று விற்கும் கடல் உப்புக் கலவையை வாங்கி, ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் வீதம் கரைக்க வேண்டும். அடர்த்தி பார்க்கும் கருவியில் 1.025 காட்டினால் கடல் தயார்.

கடல் தயார். எனக்குத்தான் பொறுமை தயாராக இல்லை. பத்தாம் நாளே ஒரு மீனை வாங்கி விட்டேன். நாலாம் நாள் காலை அது மணலில் ஒருக்களித்துக் கிடந்தது. என் பெண் எதுவும் கேட்கவில்லை. ஸ்கூல் பையை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். மேனேஜர் திட்டியிருந்தால்கூட அவ்வளவு சுட்டிருக்காது.

கடைக்குப் போய்ச் சொன்னேன். கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "ஸார், உங்க தொட்டியில உயிரே இல்ல. கடல்லேர்ந்து எடுத்த கல்லு வேணும். பவளம் வேணும். தனியா வெச்சிருக்கேன், ஸாருக்காக." பின்கட்டில் ஈரச்சாக்கை விலக்கிக் காட்டினார். பிளாஸ்டிக் டப்பில் பச்சையும் பழுப்புமாக நாலைந்து பவளத் துண்டுகள். ஆசை யாரை விட்டது? ஐந்நூறு ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தேன். "நெமோவுக்கு வீடு வருது" என்று பெண்ணிடமும் சொல்லிவிட்டேன்.

நடுவில் அப்பாவின் வருஷத் திதி வந்தது. ராமேஸ்வரம்.

ரயில் மண்டபத்தைத் தாண்டியதும் பெட்டியே ஜன்னல் பக்கம் சாய்ந்தது. 1914-ல் கட்டிய பழைய பாம்பன் பாலம் ஓய்வு பெற்று ஓரமாக நிற்க, 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் ரயில் ஊர்ந்தது. கப்பல் வந்தால் இதன் நடுப்பகுதி அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே போகும். ஒரு பக்கம் பாக் ஜலசந்தி, மறுபக்கம் மன்னார் வளைகுடா. 1992-ல் அப்பாவோடு இதே வழியில் வந்தேன், அப்போது எனக்கு ஏழு வயது. ஊருக்குத் திரும்பும்போது கோயில் தெருவில் சங்கு, சோழி மாலைகளுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று ஒரு பவளக் கல்லை அப்பா வாங்கினார். வருடக்கணக்காக எங்கள் வீட்டு ஷோகேஸில் தலையாட்டி பொம்மை பக்கத்தில் அது உட்கார்ந்திருந்தது. அழகான கல் என்றுதான் நினைத்திருந்தேன்.

அக்னி தீர்த்தத்தில் காரியம் முடிந்தது. மறுநாள் பாம்பன் பக்கம் குந்துகாலுக்குப் போனோம். 1897-ல் விவேகானந்தர் அமெரிக்கப் பயணம் முடிந்து இந்திய மண்ணில் கால் வைத்த இடம். காற்றும் அலையும் இடம் கொடுக்கும் நாட்களில் இங்கிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை படகு விடுகிறது. எங்களுக்கு அதிர்ஷ்டம், கடல் தட்டில் ஊற்றிய பால் மாதிரி கிடந்தது.

படகில் வந்த பெரியவருக்கு அறுபது வயதிருக்கும். ஆழம் குறைந்த ஓரிடத்தில், "பாப்பா, குனிஞ்சு பாரு" என்றார். பார்த்தோம். பழுப்பு மான்கொம்பு மாதிரி ஒன்று. மூளை மாதிரி சுருக்கம் விழுந்த உருண்டை ஒன்று. நடுவில் கோடு போட்ட மீன்கள், ஆபீஸ் விட்ட நேரத்து மவுண்ட் ரோடு மாதிரி.

"இந்தக் கல்லெல்லாம் எத்தனை வருஷம் தாத்தா?" என்றாள் என் பெண்.

"கல்லு இல்ல ஆத்தா. உசுரு."

அவர் சொன்னது சரி. பவளம் ஒரு பிராணி. குண்டூசித் தலை அளவு உடம்புகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து, தமக்கடியில் சுண்ணாம்பு வீடு கட்டிக்கொண்டே போகின்றன. உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் வெயிலில் சமைத்து அதற்குச் சாப்பாடு போடுகிறது, நிறமும் கொடுக்கிறது. தண்ணீர் ரொம்பச் சூடானால் பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். வெளுத்துப்போகும். சூடு நீடித்தால் பட்டினியில் செத்துவிடும். 1998, 2010, 2016 என்று மன்னார் வளைகுடா இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறது. உருண்டைப் பவளம் வருடத்துக்கு வளர்வது ஒரு சென்டிமீட்டர் அளவுதான்.

"எங்க அப்பா காலத்துல இதை வெட்டித்தான் சுண்ணாம்புக் காளவாசலுக்கு ஏத்துனாங்க. நானும் வெட்டியிருக்கேன் சார், பொய் சொல்லப்படாது" என்றார் பெரியவர். "அந்தப் பக்கம் ரெண்டு தீவு கடலுக்குள்ளயே போயிருச்சு. அலையைத் தடுக்கிறதை வெட்டிட்டா, தீவு எப்படி நிக்கும்?"

1986-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தபோது இங்கே 21 தீவுகள். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் இப்போது தண்ணீருக்கு அடியில். 2001-ல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலி இருக்கும் அதே அட்டவணை! எடுத்தாலும் விற்றாலும் மூன்று முதல் ஏழு வருடம் உள்ளே இருக்கலாம்.

எனக்கு ஈரச்சாக்கு ஞாபகம் வந்தது. ஷோகேஸும் ஞாபகம் வந்தது. அப்பா ஆசையாக வாங்கியது ஓர் எலும்புக்கூடு. அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்துவிட்டது, அதுதான் வித்தியாசம்.

"நெமோவுக்கு வீடு வருதுன்னியேப்பா... இங்கேர்ந்தா எடுப்பாங்க?" என்றாள் பெண். அடுத்த அரைமணி நேரம் நான் கடலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஊர் திரும்பியதும் கடைக்குப் போய் வேண்டாம் என்றேன். அட்வான்ஸ் திரும்பி வரவில்லை. இதற்கு நான் எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

பிறகு முதலிலிருந்து ஆரம்பித்தேன். தொட்டி வைக்க ஆசைப்படுகிற தம்பிகளுக்காக என் பாடம் இதோ:

பவளம் இல்லாமலும் பாறைத் தொட்டி வரும். மீன் தொட்டிக்கென்று சுட்டுச் செய்த துளைத் துளையான கற்கள் கிடைக்கின்றன. துளைகள்தான் முக்கியம், அங்கேதான் பாக்டீரியா குடியேறும். மீன் கழிவில் வரும் அம்மோனியா விஷம். அதை ஒரு பாக்டீரியா நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம். இன்னொன்று அதை நைட்ரேட் ஆக்கும், அது ஓரளவு பரவாயில்லை. இந்தக் குடித்தனம் செட்டாக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் கூடாது. தினம் ஒரு சிட்டிகை மீன் உணவு மட்டும் போட்டு, டெஸ்ட் கிட்டில் முதல் இரண்டும் பூஜ்யம் காட்டும்வரை காத்திருக்க வேண்டும். நான் கொன்ற மீன் செத்தது இந்தக் கணக்குத் தெரியாமல்தான்.

ஆறு வாரம் ஹாலில் கல்லும் தண்ணீரும். வந்தவர்களெல்லாம் "மீன் எங்கே?" என்றார்கள். "இவர் தண்ணி வளர்க்கிறார்" என்றாள் மனைவி.

தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைந்த அளவுக்கு வெறும் ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் தொட்டி ஊறுகாய் ஜாடியாகிவிடும். வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, புதிதாகக் கரைத்த கடல்நீரைச் சேர்க்க வேண்டும். சென்னை மே மாதத்துக்கு, தண்ணீர் மேற்பரப்பில் வீசுகிற மாதிரி ஒரு சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு டிகிரியாவது இறங்கும்.

மீன்? கோமாளி மீன் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கும். மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையம் உட்பட நம் விஞ்ஞானிகள் அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். அதனால் கடலில் பிடித்ததை விட்டு, பண்ணையில் பிறந்ததாகக் கேட்டு ஒரு ஜோடி வாங்கினேன். இந்த மீன்கள் எல்லாமே ஆணாகத்தான் வளரும். ஜோடியில் பெரியது பெண்ணாக மாறிவிடும். முட்டைக்குக் காவல் இருந்து துடுப்பால் விசிறி விடுவது அப்பா மீன்தான். "பாத்துக் கத்துக்கோங்க" என்றாள் மனைவி. கடல் சாமந்தி இல்லாவிட்டாலும் கவலையில்லை. எங்கள் ஜோடி ஒரு கல்லின் பொந்தை வாடகையில்லாமல் பிடித்துக்கொண்டது.

போன மாதம் ஒரு ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போய்விட்டது. மோட்டார் நின்றால் ஆக்ஸிஜன் குறையும். பாட்டரி காற்று பம்ப் வாங்க வேண்டும் என்று மூன்று மாதமாக நினைத்துக்கொண்டே இருந்தேன். வழக்கம்போல நினைத்ததோடு சரி. டம்ளரால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்ற ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் பெண் எழுந்து வந்து இன்னொரு டம்ளரை எடுத்துக்கொண்டாள். அப்புறம் மனைவி, டார்ச்சோடு. நாலே கால் மணிக்குக் கரண்ட் வந்தது. விளக்கு எரிந்ததும் பொந்திலிருந்து இரண்டும் எட்டிப் பார்த்தன.

"ரெண்டும் இருக்குப்பா" என்றாள் பெண். அவ்வளவுதான் சொன்னாள்.

அன்றைக்கு ஆபீஸுக்கு லேட். மேனேஜர் காரணம் கேட்டார். "வீட்ல உடம்பு சரியில்ல ஸார்" என்றேன். "யாருக்கு?" என்றார்.

இதற்கு என்ன பதில் சொல்வது, நீங்களே சொல்லுங்கள்.