மொட்டைக் கோபுரமும் அம்மாவின் கேள்வியும்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், வத்திராயிருப்பை அடுத்துள்ள கூமாப்பட்டி என் சொந்த ஊர். வங்கிப் பணியில் பல ஊர்கள் சுற்றி, ஓய்வுக்குப்பின் இங்கேயே அம்மாவுடன் வசிக்கிறேன். எங்கள் பக்கத்தாருக்குக் கோபுரம் என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயிலின் 11 நிலை இராஜகோபுரம்தான். தமிழக அரசின் முத்திரையில் திகழ்வது அதுவே என்று பெருமையோடு சொல்லிக்கொள்வோம்.

அம்மாவின் ஏக்கமோ வேறொரு கோபுரத்தின் மேல். நம் ஊர் மண்ணில் அவதரித்த ஆண்டாள் சென்று சேர்ந்த திருவரங்கத்துக்கு, 1972ஆம் ஆண்டு வைகுண்ட ஏகாதசியின்போது அப்பா அவரை அழைத்துச் சென்றார். அன்று அங்கே தெற்கு வாயிலில் நின்றது மொட்டைக் கோபுரம். நெடுங்காலத்துக்கு முன்பே தொடங்கி, அடித்தளத்தோடு நின்றுபோன அப்பணி, அகோபில மடத்தின் 44ஆம் பட்டம் அழகியசிங்கரின் பெருமுயற்சியால் நிறைவுற்றது. 13 நிலைகளும் சுமார் 236 அடி உயரமுமாக எழுந்த கோபுரத்துக்கு 1987 மார்ச் 25 அன்று குடமுழுக்கு நடந்தது. “முழுசாகிட்டதாமே, ஒரு தரம் கூட்டிப் போய்யா” என்றார் அம்மா. “அடுத்த வருஷம் போவோம்மா” என்றேன். இடமாற்றம், பிள்ளைகளின் படிப்பு, அப்பாவின் மறைவு என்று அந்த அடுத்த வருடம் முப்பது வருடங்களுக்கு மேல் நீண்டுவிட்டது. இதற்கிடையே அம்மாவின் முழங்கால்கள் ஓய்ந்துபோயின.

தொலைக்காட்சியில் அக்கோபுரத்தைக் காணாதவர் அல்லர் அவர். ஆயினும், “அது ஓடிப்போகுது. நின்னு கும்பிட முடியலை” என்பார். எனவே நல்லதொரு நிழற்படம் எடுத்துவந்து பூசை அறையில் மாட்டத் தீர்மானித்தேன். ஓய்வுக்காலப் பயணங்களில் கோயில் கட்டடங்களைப் படமெடுப்பது என் வழக்கம். கோயிலுக்குள் கேமராவை வெளியே எடுப்பதில்லை. தெருவில் நின்று காணும் கோபுரமும் மதிலுமே எனக்குப் போதும். அதற்கென்றே ‘அல்ட்ரா வைடு’ எனப்படும் மிகுவிரிகோண லென்ஸ் ஒன்றை வாங்கியிருந்தேன். 14 மில்லிமீட்டர், மூலைக்கு மூலை சுமார் 114 பாகை அகலத்தை ஒரே சட்டத்தில் அடக்கிவிடும்.

திருவரங்கம் சென்றேன். கோபுரத்துக்கு அருகிலேயே நின்று, கேமராவை அண்ணாந்து பிடித்தேன். அடி முதல் கலசம் வரை அனைத்தும் அடங்கிவிட்டன. பெருமிதத்தோடு படத்தைப் பெரிதாக்கி அம்மாவிடம் நீட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

“ஏய்யா, கோபுரம் பின்னாடி சாஞ்சுகிட்டு நிக்குதே? மொட்டையா நின்னப்பவே இதைவிடப் பெரிசா தெரிஞ்சுதே!”

என் பெருமிதம் அடங்கியது. அவர் சொன்னது முற்றிலும் உண்மை. இவ்வகை லென்ஸ் அருகிலுள்ளதைப் பெரிதாக்கும், தொலைவிலுள்ளதைச் சிறிதாக்கும். அடிவாரத்தில் நின்றவனுக்குக் கலசம் வெகு தொலைவு. ஆகவே அது சுருங்கிவிட்டது. கேமராவை அண்ணாந்து பிடித்ததால் நேர்க்கோடுகள் உச்சியை நோக்கிக் கூடி, கோபுரமே மல்லாந்தது போலாயிற்று. எல்லாவற்றையும் அடக்கினேன்; அதன் பெருமையை மட்டும் தவறவிட்டேன்.

பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தின் முன் பல காலை வேளைகளில் பயின்றேன். கேமராவைத் தரைக்கு இணையாகச் சமமாகப் பிடிக்க வேண்டும். நெடுக்குவாக்கில் திருப்ப வேண்டும். கோபுரத்தின் உயரத்துக்கு மேலாகவே பின்வாங்கி நிற்க வேண்டும். படத்தின் கீழ்ப்பாதியில் நிறையும் வெறுந்தெருவைப் பின்னர் வெட்டிக்கொள்ளலாம். கோபுரத்தின் காலடியில் ஒரு மனிதர் நடந்துபோகும்வரை காத்திருக்கவும் வேண்டும். மனித உருவம் அருகே இருந்தால்தான் அந்த உயரம் கண்ணுக்குப் புலப்படும்.

மறுமுறை திருவரங்கத்தில் அவ்வாறே எடுத்தேன். வாயிலருகே பூக்கூடையுடன் ஒரு பெண்மணி, விரல்நுனி அளவில் படத்தில் விழுந்திருந்தார். அம்மா படத்தைக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

“இப்ப நிமிர்ந்து நிக்குது” என்றவர், சற்றுப் பொறுத்து அந்தச் சிறு உருவத்தின்மேல் விரலை வைத்தார். “இந்தப் பொம்பளை மாதிரி அங்க ஒரு தரம் நின்னாப் போதும்யா.”

முப்பது ஆண்டுகளாக நான் தள்ளிப்போட்டதை ஒரு படத்தால் ஈடுசெய்ய முயன்றிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அடுத்த வாரமே வாடகைக் கார் ஒன்றை அமர்த்தி, சக்கர நாற்காலியையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். கோபுர வாசலில் என் தோளைப் பற்றி எழுந்து நின்ற அம்மா, தலைக்கு மேல் கைகூப்பி அண்ணாந்து பார்த்தார். “ரங்கா” என்ற ஒரு சொல்லுக்கு மேல் அவரிடமிருந்து வரவில்லை. கேமரா காரிலேயே இருந்தது. அதை எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவுமில்லை.

இதைப் படிக்கும் பெரியோர்களுக்கும், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று தள்ளிவைத்த தலம் ஒன்று இருக்கக்கூடும். பிள்ளைகளிடம் தயங்காமல் சொல்லுங்கள். எங்களைப் போன்றவர்களுக்குச் சொன்னால்தான் புரிகிறது. அரங்கன் அதற்கு வழிவிடுவான்.