எல்லாம் நார்மல்தானுங்க

கோவை கணபதியில், லேத் பட்டறைகளுக்கு நடுவே இருக்கிறது அந்த ஆயுர்வேத வைத்தியசாலை. வெளியே இரும்பு கடையும் சத்தம். உள்ளே கஷாய வாடை. பெஞ்சில் இருந்தவர்களில் பாதிப்பேர் என்னைப் போல மூட்டுவலித் தைலத்துக்கு வந்தவர்கள். மூலையில் இருந்தவர் மட்டும் மடியில் பெரிய ஃபைல் வைத்திருந்தார். நாற்பது வயதிருக்கும். நகக்கண்ணில் கிரீஸ். இடது மணிக்கட்டைப் பிடித்துத் தனக்குத் தானே நாடி பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த மனைவி அந்தக் கையை எடுத்துவிடுவார். கொஞ்ச நேரத்தில் அது மறுபடி அங்கேயே போய் ஒட்டிக்கொள்ளும்.

டாக்டர் அறைக்குக் கதவில்லை, திரைதான். அதுவும் ஃபேன் காற்றில் விலகியே நின்றது. அவரும் மனைவியும் உள்ளே போனார்கள். கேட்கக்கூடாதுதான், காதில் விழுந்தது.

"நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதுங்க. மூச்சு முட்டுது, கையெல்லாம் மரத்துப் போயிருது. ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்தா, அவ்வளவுதான், முடிஞ்சுதுன்னு தோணுது. ஈசிஜி, எக்கோ, ட்ரெட்மில் எல்லாம் எடுத்தாச்சு. எல்லாம் நார்மல்தானுங்க."

கடைசி வார்த்தைகளில் குரல் இறங்கிவிட்டது. ஏதாவது நோய் அகப்பட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பார் போல.

டாக்டரம்மாவின் தமிழில் பாலக்காட்டு இழுப்பு. ஃபைலை ஒதுக்கி வைக்காமல் ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். ஈசிஜி தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, "ரெண்டு கையும் நீட்டுங்கோ" என்று சொல்லி, விரித்த விரல்கள்மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். மூவரும் தாளையே பார்த்தார்கள். அதன் ஓரம் லேசாகத் துடித்தது. கழுத்தைத் தொட்டு, எச்சில் விழுங்கச் சொன்னார்.

"தைராய்டு யாரும் பார்க்கலையா?"

ஃபைலில் அது மட்டும் இல்லை. தைராய்டு சுரப்பு கூடினாலும் இதே படபடப்பும் வியர்வையும் நடுக்கமும் வரும். ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

அப்புறம்தான் கேள்விகள். பசிக்கிறதா, மலம் எப்படிப் போகிறது, கனவு வருகிறதா, டீ எத்தனை. "ஆறு, ஏழு குடிப்பாருங்க. மத்தியானச் சோறு நாலு மணிக்கு" என்று மனைவி சொன்னார். டாக்டர் எழுதிக்கொண்டே இருந்தார். பேச்சோடு பேச்சாக மனைவியே சொன்னார்: "பக்கத்துப் பட்டறை அண்ணன் ஆடி மாசம் தூக்கத்திலேயே போயிட்டாருங்க. அதுக்கப்புறந்தான்..." கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. பேனாவை மட்டும் கீழே வைத்தார்.

பயம், துக்கம், காமம் இவற்றால் வாயு கெடும் என்பது சரக சம்ஹிதையின் கணக்கு. பயம் மனசில், படபடப்பு உடம்பில் என்று ஆயுர்வேதம் இரண்டாகப் பிரிப்பதில்லை. மருந்தும் உணவும் ஒருபுறம். தீயவற்றின் பக்கம் போகும் மனதை இழுத்துப் பிடிக்கும் 'சத்வாவஜயம்' இன்னொருபுறம். மனநல மருத்துவரிடம் போகக் கூசுகிற மனிதர், 'வாயு' என்றால் கூசாமல் உட்கார்ந்துவிடுகிறார். இந்த முறையின் பலம் அது. ஆபத்தும் அதுவே. மனநல மருத்துவர் பார்த்தாக வேண்டியவரும் இதே பெஞ்சில் வருஷக்கணக்கில் உட்கார்ந்துவிட முடியும்.

டாக்டரம்மா எழுதிக் கொடுத்தது: சீரகத் தண்ணீரில் தான்வந்தரம் குளிகை, சாப்பாட்டுக்கு முன் திராட்சாதி கஷாயம், ராத்திரி மானசமித்ர வடகம், தலைக்கு க்ஷீரபலா தைலம். டீ இரண்டோடு நிறுத்த வேண்டும். நெற்றியில் எண்ணெய் ஒழுகவிடும் தாரை ஏழு நாள் செய்யலாம் என்றதும், "பட்டறை யாரு பார்ப்பாங்க?" என்றார் அவர். அது தள்ளிப்போடப்பட்டது.

இவற்றில் வடகமும் தாரையும் வெறும் நம்பிக்கை மட்டுமல்ல. பதற்ற நோயும் கூட்டத்தைக் கண்டு கூசும் நோயும் சேர்ந்திருந்த 72 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2012-இல் வெளிவந்தது. மானசமித்ர வடகம் மட்டும், வடகத்தோடு தாரை, குளோனசெபாம் மாத்திரை என மூன்று பிரிவு. 30 நாளில் மூன்று பிரிவினருக்குமே பதற்றம் குறைந்தது. ஆனால் வெற்று மாத்திரை கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பிரிவு இல்லை. அதனால் குறைந்ததில் மருந்தின் பங்கு எவ்வளவு, கவனித்துக்கொள்ள ஆள் இருந்ததன் பங்கு எவ்வளவு என்று அந்த ஆய்வை வைத்துப் பிரிக்க முடியாது. பதற்றத்துக்குத் தரும் அசுவகந்தாவுக்கும் சிறிய ஆய்வுகள் சாதகமாக உண்டு. கூடவே, சிலருக்கு அது ஈரலைப் பாதித்த பதிவுகளும் உண்டு. அது தைராய்டு சுரப்பையும் கூட்டக்கூடும். ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை டாக்டரம்மா அதை எழுதாததற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

எழுந்திருக்கும்போது மனைவி பர்ஸிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். வேறொரு டாக்டர் கொடுத்த தூக்க மாத்திரை, கணவர் மூன்று மாதமாகச் சாப்பிடுகிறார். "இனி இது வேண்டாந்தானுங்க?" டாக்டரம்மா முதன்முறையாகக் குரலை உயர்த்தினார். "நீங்களா நிறுத்தக் கூடாது. கொடுத்தவர்கிட்டயே கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்."

நெஞ்சு படபடக்கிறவர்கள் எந்த வைத்தியத்துக்கும் போங்கள். போகுமுன் ஒரு ஈசிஜியும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். சாப்பிடுகிற மாத்திரையின் அட்டையை மறக்காமல் கொண்டு போங்கள்.