உச்சிப்பிள்ளையாருக்கு ரெண்டு தேங்காய்

இது பொட்டி தட்டுற பதிவு மக்களே. ரெகுலர் எக்ஸ்பிரஷன்னாலே அலர்ஜி உள்ளவங்க இப்பவே எஸ்கேப் ஆகிடலாம். (போயாச்சா? சரி.)

தாத்தா மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம் பத்தி எழுதின குறிப்புகளை அவர் இருக்கும்போதே திஸ்கியில தட்டச்சு பண்ணி வெச்சிருந்தோம். இப்ப அவர் இல்லை. அவர் திதிக்குள்ள அதைச் சின்னப் புத்தகமா போடணும்னு பாட்டிக்கு ஆசை. கடைசியில இடப்பெயர் அட்டவணை வேணுமாம். கோப்பை யூனிகோடுக்கு மாத்தி, ஈமாக்ஸ்ல 'மலைக்கோட்டை'ன்னு தேடினேன். கண்ணு முன்னாடி இருக்கிற சில மலைக்கோட்டைகள் சிக்கவே இல்லை!

காரணம் அந்தக் 'கோ'. யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியாவும் (3019) எழுதலாம். இரட்டைக்கொம்பு, கால்னு (3015, 3006) ரெண்டாவும் எழுதலாம். திரையில ரெண்டும் ஒண்ணுதான், தேடலுக்கு வேற வேற. திஸ்கியில கொம்பு, எழுத்து, கால்னு கண்ணுக்குத் தெரியற வரிசையிலயே சேமிப்பாங்க. மாத்தித் தர்ற நிரல் வரிசையைச் சரி பண்ணிட்டு, கொம்பையும் காலையும் ஒட்டாம விட்டா இப்படித்தான்.

சரி, ரெண்டு வடிவத்தையும் 'அல்லது' போட்டுத் தேடலாம். ஈமாக்ஸ்ல 'அல்லது'க்குக் குறி \| தான். தேடல் கட்டளைக்கு நேரா தட்டினா அது போதும். லிஸ்ப் ஸ்கிரிப்டுல எழுதினா "\\|" வேணும். ஏன்?

மலைக்கோட்டை ஏறுற மாதிரிதான். நடுவுல தாயுமானவர், மேல உச்சிப்பிள்ளையார். ஒரே ஒரு தேங்காயோட போய் அதைத் தாயுமானவருக்கே உடைச்சுட்டா உச்சிக்கு வெறுங்கை. ஸ்ட்ரிங்கைப் படிக்கிற லிஸ்ப் ஒரு சாய்கோட்டை எடுத்துக்கும். மிச்சம்தான் ரெகுலர் எக்ஸ்பிரஷனுக்கு. ஒண்ணே ஒண்ணு போட்டா வெறும் | தான் மேல போகும். பிழைச்செய்தியும் வராது, அந்தக் கோட்டையே எழுத்தா நினைச்சுத் தேடும். நிஜமான சாய்கோடு ஒண்ணைத் தேடணுமா? "\\\\", நாலு தேங்காய்! விம்ல ஒற்றை மேற்கோளுக்குள்ள எழுதினா இந்தத் தொல்லை இல்லை.

இன்னொண்ணு. 'திருச்சி'யை முதல்ல, 'திருச்சிராப்பள்ளி'யைப் பின்னால எழுதினா, நீளமான பேர்லயும் முன்பாதிதான் மாட்டும். இடதுபக்கம் இருக்கிறதுக்குத்தான் முதல் மரியாதை. நீளமானதை முன்னால வைங்க.

எல்லாப் பேருக்கும் ரெண்டு வடிவம் எழுதி மாளாது. கடைசியில கோப்பு முழுக்க ஓகாரத்தை ஒரே வடிவமாக்கிட்டேன். ஈமாக்ஸ்லயே அதுக்கு நார்மலைஸ் கட்டளை இருக்கு. விட்டுப்போன மலைக்கோட்டைகள் வரிசையா வந்து நின்னுச்சு. அதுல ஒண்ணு, கல்யாணமான புதுசுல பாட்டியோட தெப்பக்குளம் பக்கம் நடந்த ஒரு சாயங்காலம். பாட்டிக்கு வாசிச்சுக் காட்டினேன். "இதையெல்லாமா எழுதி வெச்சிருக்கார்?"னு கேட்டுட்டு, திரும்ப வாசிக்கச் சொன்னாங்க.

விம் கோஷ்டி பின்னூட்டத்துல சண்டைக்கு வரலாம்.