வாசலுக்கு வரும் நர்ஸம்மா

எங்கள் சீர்காழிப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்றால், மாமியாருக்கு அடுத்தபடியாக அந்தச் செய்தி நர்ஸம்மாவுக்குத்தான் போகும். கிராம சுகாதார செவிலியர் என்று யாரும் நீட்டி முழக்குவதில்லை. வீடு தேடி வந்து பெயரைப் பதிந்து, இரும்புச் சத்து மாத்திரை கொடுத்து, "முழுங்கினியா, இல்லே பரண்லே போட்டு வெச்சிருக்கியா?" என்று அதட்டவும் செய்வார்.

எல்லா மாநிலத்திலும் இப்படி இல்லை. என் ஓர்ப்படி உத்தரப் பிரதேசத்தில் பல வருஷம் குடித்தனம் செய்தவள். "அக்கா, அங்கே எங்க ஊர் ஆஸ்பத்திரி, பார்க்கப் பெரிசாத்தான் இருக்கும். சீட்டை எழுதிக் கொடுத்து, மருந்தை வெளியிலே வாங்கிக்கோன்னுடுவாங்க. எங்க வீட்டிலே வேலை செய்த பொண்ணுக்கு மூணு பிரசவமும் குடிசையிலேதான்" என்பாள்.

கணக்கும் அதையே சொல்கிறது. 2018-20இல், 1 லட்சம் குழந்தைகள் பிறந்தால் பேறுகாலத்தில் இறந்த தாய்மார்கள் அஸ்ஸாமில் 195, உத்தரப் பிரதேசத்தில் 167, தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19. ஒரே தேசத்தில் இத்தனை வித்தியாசம்!

நம் மாநிலத்தில் 1995 முதல் மருந்துகளை ஒரே கழகம் மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் பாஸ்புத்தகம் போட்டுக் கொடுக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவிலும் பிரசவம் பார்க்க நர்ஸ்கள் முறை போட்டு இருக்கிறார்கள். 2008 முதல் 108 வண்டியும் ஓடுகிறது. ஒரு தாய் இறந்தால், ஏன் என்று மாவட்ட அளவில் விசாரணை உண்டு. கட்டடத்தைவிட இந்த ஒழுங்குதான் உயிர் காக்கிறது. ஆனாலும் கேரளத்தை எட்ட நமக்கு இன்னும் தூரம் இருக்கிறது.

அதில் நம் பங்கும் உண்டு, சகோதரிகளே. வளைகாப்பு முடிந்து பெண் தாய் வீடு போகிறாள். இங்குள்ள நர்ஸம்மாவுக்கு அவள் போனது தெரியாது. அங்குள்ளவருக்கு வந்தது தெரியாது. ரத்த அழுத்தம் ஏறுவது அந்தக் கடைசி மாதங்களில்தான். ஆகவே, பூவும் பழமும் எடுத்து வைக்கும்போதே பரிசோதனை அட்டையையும் எடுத்து வையுங்கள். இரண்டு ஊர் நர்ஸம்மாவிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். முகம் வீங்கினாலோ, தலை விடாமல் வலித்தாலோ, கண் மங்கினாலோ, ரத்தம் பட்டாலோ, "மசக்கைதான், விடிஞ்சு பார்த்துக்கலாம்" என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.