வீடு கட்டுவோர் பங்கும் பஸ் சேவையும்

ஒரு நகரம் வளர்கின்றது என்று நாம் கூறும்போது பெரும்பாலும் அதன் கட்டடங்களையே மனத்திற் கொள்கின்றோம். வயலாகவும் தென்னந்தோட்டமாகவும் கிடந்த நிலம் துண்டாடப்படுகின்றது, வீடுகள் எழுகின்றன, குடிநீரும் மின்சாரமும் வந்து சேர்கின்றன. ஆனால், அங்கு குடிவரும் மனிதர் நாள்தோறும் வெளியே சென்று மீளவேண்டியவர் என்ற உண்மை மட்டும் எவருடைய கணக்கிலும் இடம்பெறுவதில்லை. கட்டியவர் விற்றுவிட்டுப் போகின்றார். வாங்கியவர் வாயிலில் நின்று பஸ்ஸுக்காகக் காத்திருக்கின்றார். விடுபட்டுப்போன இந்தக் கணக்கினை யார் தீர்க்க வேண்டும் என்ற வினாவையே இக்கட்டுரை ஆராய முனைகின்றது.

புவியியலைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் எனக்கு இவ்வினா பாடநூலிலிருந்து எழுந்ததன்று. வத்தளைக்கு அப்பால், நீர்கொழும்பு வீதியிலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் உள்ளே அமைந்த ஒரு குடியிருப்பில் எமது குடும்பம் வசிக்கின்றது. காணியை விற்றவர்களின் விளம்பரம் பிரதான வீதிக்கு ஐந்து நிமிடம் என்று கூறிற்று. அந்த ஐந்து நிமிடம் மோட்டார் வண்டி உடையோரின் ஐந்து நிமிடம் என்பதைக் குடிபுகுந்த முதல் வாரத்திலேயே நாம் அறிந்துகொண்டோம். எமது பாதையில் ஓடுபவை இரண்டே தனியார் பஸ் வண்டிகள். சந்தியிலிருந்து இறுதி வண்டி இரவு ஏழு மணிக்குப் புறப்பட வேண்டும். பிரயாணிகள் குறைவென்றால் அதுவும் புறப்படுவதில்லை. ஆதலால் மாலை ஐந்தரை மணிக்குப் பின்னர் பல்கலைக்கழக நூலகத்தில் நான் இருந்ததில்லை. விடுதி மாணவியர் புத்தகத்தை விரிக்கும் வேளையில் நான் அதனை மூடிவைத்துவிட்டு ஓடுவேன்.

எனது இழப்பு சிறிது. எமது அயல்வீட்டு அக்கா ஒருவர் புறக்கோட்டையில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தார். அவரது வேலை இரவு ஏழரைக்கு முடியும். சந்தியிலிருந்து வீட்டுக்கு முச்சக்கர வண்டிக்குக் கொடுத்த பணம், மாதமுடிவில் அவரது சம்பளத்தின் பெரும்பங்கைத் தின்றுவிட்டது. ஓராண்டு பொறுத்துப் பார்த்து, வேலையை விட்டுவிட்டார். இப்பொழுது அவர் வீட்டிலிருந்து தைக்கின்றார். முன்னர் பெற்றதில் பாதிகூட வருவதில்லை. திறமையும் விருப்பமும் உள்ள ஒருவரை மூன்று கிலோமீற்றர் தூரம் வீட்டுக்குள் அடைத்துவிட்டது என்றே இதனைக் கூறவேண்டும்.

இதற்குப் பஸ் உரிமையாளரைக் குறைகூறுதல் எளிது. ஒருநாள் நடத்துநரிடம் இதனைப் பற்றிக் கேட்டேன். “தங்கச்சி, ஏழரைக்கு ஒருக்கா ஓடினா டீசல் காசும் தேறாது. முதலாளிக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?” என்றார் அவர். அவர் கூற்றில் பொய்யில்லை. பிரயாணச் சீட்டுப் பணத்தை மாத்திரம் நம்பி ஓடும் வண்டி, ஆசனங்கள் நிறையும் இடத்துக்கும் நேரத்துக்குமே ஓடும். புதிய குடியிருப்பிலோ தொடக்கத்தில் ஆசனங்கள் நிறைவதில்லை. வண்டி வராததால் வசதியுள்ளோர் மோட்டார் சைக்கிளோ காரோ வாங்குகின்றனர். அவர்கள் வாங்கியதால் வண்டிக்குப் பிரயாணிகள் இன்னும் குறைகின்றனர். இச்சுழலில் எஞ்சி நிற்பவர்கள் மாணவர், முதியோர், சம்பளம் குறைந்தோர், பெண்கள் ஆகியோரே.

முன்னொரு காலத்தில் இதற்கு இந்நாட்டில் வேறொரு விடை இருந்தது. 1958ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி பஸ் சேவைகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பொறுப்பில் வந்தன. ஒரே சபை யாவற்றையும் நடத்தியமையால், நெரிசல் மிக்க வழியில் வந்த வருமானத்தைக் கொண்டு ஆளில்லா வழியின் நட்டத்தை ஈடுசெய்ய முடிந்தது. அச்சபைக்கும் குறைபாடுகள் பல இருந்தன. எனினும், ஒரு கிராமத்துக்கு இறுதி வண்டி ஓடவேண்டும் என்று தீர்மானிக்க ஓர் அதிகாரமும், அதற்கான பணம் எங்கிருந்து வரும் என்பதற்கு ஒரு விடையும் அன்று இருந்தன. 1979இல் தனியார் வண்டிகள் மீண்டும் அனுமதிக்கப்பட்டபின் இலாப வழிகள் பலருக்குப் பங்கிடப்பட்டன. நட்ட வழிகளைத் தாங்கும் தோள் பலவீனமடைந்தது.

இந்நிலையில், வீடு கட்டுவோரிடமிருந்தே பஸ் சேவைக்கு ஒரு பங்கினைப் பெறலாம் என்ற எண்ணம் நோக்கற்பாலது. இது கற்பனையன்று. இங்கிலாந்தில் நீண்டகாலமாக நடைமுறையில் உள்ளது. 1990ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டமிடற் சட்டத்தின் 106ஆம் பிரிவின்கீழ், உள்ளூராட்சி மன்றம் கட்டட அனுமதி வழங்கும்போது கட்டுபவருடன் ஓர் உடன்படிக்கை செய்துகொள்ளலாம். பாடசாலை, பூங்கா, குறைந்த விலை வீடுகள் ஆகியவற்றோடு பஸ் சேவைக்கும் அவர் பணம் செலுத்த உடன்படுவார். இத்தனையாவது வீட்டில் ஆள் குடியேறும்போது இவ்வளவு தொகை என்று தவணைகள் வகுக்கப்படும். புதிதாகக் குடிவருவோருக்குச் சில மாதங்களுக்கு இலவசச் சீட்டு வழங்கும் ஏற்பாடும் சில இடங்களில் உண்டு. கேம்பிரிட்ஜ் நகரில் 2011 ஆகஸ்ட் மாதம் திறக்கப்பட்ட, பஸ் வண்டிகளுக்கெனவே அமைந்த தனிப்பாதையின் செலவில் ஒரு பகுதியும் இவ்வாறு கட்டுவோரிடமிருந்து பெறப்பட்டதே.

கட்டுபவரிடம் விரும்பியதையெல்லாம் கேட்டுவிட முடியாது என்பதும் அங்கு வரையறுக்கப்பட்டுள்ளது. 2010ஆம் ஆண்டின் விதிகள் மூன்று நிபந்தனைகளை விதிக்கின்றன. கேட்கப்படுவது அக்கட்டடத்தை ஏற்கத்தக்கதாக்குவதற்கு அவசியமாக இருத்தல் வேண்டும். அக்கட்டடத்தோடு நேரடித் தொடர்புடையதாக இருத்தல் வேண்டும். அதன் அளவுக்கும் இயல்புக்கும் நியாயமான விகிதத்தில் அமைதல் வேண்டும். இம்மூன்றும் அதிகாரிகளின் பேராசைக்கு இடப்பட்ட கடிவாளம் எனலாம்.

ஆயினும் அந்நாட்டு அனுபவத்தை முற்றும் புகழ்ந்துரைத்தல் தகாது. கட்டுபவர் கொடுக்கும் தொகை ஒரு முறை வருவது. பஸ்ஸோ நாள்தோறும் ஓடவேண்டுவது. சில ஆண்டுகளில் பணம் தீர்ந்ததும் சேவை நின்றுபோன குடியிருப்புகள் அங்கும் உள. திட்டம் இலாபம் தராது என்று வாதாடிப் பங்கைக் குறைத்துக்கொள்ளும் கட்டடக் கம்பனிகளும் உள. மேலும், 1986 ஒக்டோபரில் இலண்டனுக்கு வெளியே பஸ் சேவைகள் கட்டுப்பாடு நீக்கப்பட்டுப் போட்டிக்கு விடப்பட்டமையால், பெற்ற பணத்தைக் கொண்டு ஒரு முழுமையான வலையமைப்பை உருவாக்கும் வல்லமை பல மன்றங்களிடம் இருக்கவில்லை. பெருமான்செஸ்ரர்ப் பகுதி பஸ் சேவைகளைப் படிப்படியாகத் தன் கட்டுப்பாட்டுக்குள் மீளக் கொண்டுவந்து 2025 சனவரியில் அப்பணியை முடித்தமை, இக்குறையை உணர்ந்ததன் விளைவேயாகும். பணம் மாத்திரம் போதாது. அதனைப் பெற்று வண்டியை ஓடச்செய்யும் பொறுப்புள்ள கையும் வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

இவ்வெண்ணம் எமது மண்ணுக்குப் புதிதா? அன்று என்பதே எனது துணிபு. 1978ஆம் ஆண்டின் சட்டத்தாற் பிறந்த நகர அபிவிருத்தி அதிகார சபை 1986இல் வெளியிட்ட விதிகள், ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைத் துண்டாடுபவர் தெருக்கள் நீங்கலாகப் பத்து வீதத்துக்குக் குறையாத நிலத்தைப் பொதுத் தேவைக்கு ஒதுக்கவேண்டும் என்றன. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 154ஆம் பிரிவு, தரகர் அல்லது ஏலக்காரர் மூலம் விற்கப்படும் காணியின் விலையில் ஒரு வீதத்தைச் சபைக்கு வரியாகச் செலுத்தக் கோருகின்றது. நிலத்தை விற்று இலாபம் பெறுபவர் அவ்வூருக்கு ஏதேனும் கடமைப்பட்டவர் என்ற கொள்கை எமது சட்டத்தில் ஏற்கெனவே எழுதப்பட்டுள்ளது. விடுபட்டது பஸ் ஒன்றே. கட்டட விதிகள் இத்தனை வீட்டுக்கு இத்தனை வாகனத் தரிப்பிடம் என்று கணக்கிட்டுக் கேட்கின்றன. நிறுத்திவைக்கும் காருக்கு இடம் கேட்கும் சட்டம், நடந்துவரும் மனிதருக்கு ஓர் ஆசனம் கேட்பதில்லை.

இது எவ்வளவு பணத்துக்குரிய விடயம்? ஓர் எடுத்துக்காட்டுக்காக மாத்திரம் சில தொகைகளை எடுத்துக்கொள்வோம். முந்நூறு வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பில் வீடொன்றுக்கு 150,000 ரூபா பெறப்படுகின்றது எனின், மொத்தம் 45 மில்லியன் ரூபாவாகும். அதிகாலையிலும் இரவிலும் ஓடும் மேலதிக வண்டிகளால் நாளொன்றுக்கு 20,000 ரூபா நட்டம் ஏற்படுவதாகக் கொண்டால், ஆண்டுக்கு 7.3 மில்லியன் ரூபா. ஆறு ஆண்டுகளுக்குச் சற்று மேலாக அத்தொகை தாங்கும். அதற்குள் வீடுகள் நிறைந்து, வண்டி வரும் என்ற நம்பிக்கையும் பிறந்துவிட்டால், நட்டம் படிப்படியாகக் குறையும் என எதிர்பார்த்தல் நியாயமே.

இப்பணத்தைக் கட்டுபவர் வீடு வாங்குவோரின் தலையிலேயே சுமத்துவார் என்பது பலர் கூறும் ஆட்சேபம். எனது தந்தையாரும் இதனையே கூறினார்; கடன் எடுத்துக் காணி வாங்கியவர் அவ்வாறு அஞ்சுதல் இயல்பே. ஆனால், வீட்டின் விலையைக் கட்டுபவரின் விருப்பம் மாத்திரம் நிர்ணயிப்பதில்லை. சந்தை தாங்கும் அளவுக்கே அவர் கேட்க முடியும். பங்கு இன்னதென்று முன்கூட்டியே வெளிப்படையாக அறிவிக்கப்பட்டிருந்தால், அதனைக் கழித்துக்கொண்டே அவர் மூலக்காணிக்கு விலை பேசுவார். எனவே, சுமையின் ஒரு பெரும்பகுதி காணிச் சொந்தக்காரரின் எதிர்பாராத இலாபத்திலிருந்து கழியும். நிலத்தின் பெறுமதி சமூகத்தின் வளர்ச்சியால் உயர்வதாதலின் அதில் சமூகத்துக்குப் பங்குண்டு என்பது, 1879இல் ஹென்றி ஜோர்ஜ் வலியுறுத்திய கருத்தாகும். இடைநடுவில் திடீரென விதிக்கப்பட்டால் மாத்திரமே கட்டுபவரும் வாங்குபவரும் இடர்ப்படுவர். பஸ் வந்துவிட்டால், மாதந்தோறும் முச்சக்கர வண்டிக்குப் போகும் பணம் வாங்கியவர் கையிலேயே தங்கும் என்பதையும் தந்தையாருக்கு எடுத்துச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை; “பணம் பஸ்ஸுக்குத்தான் போகும் என்று யார் பிணை?” என்று மாத்திரம் கேட்டார்.

உண்மையில் வலிமையான ஆட்சேபம் அதுவே. இதற்கு மூன்று ஏற்பாடுகள் தேவை என்பேன். முதலாவது, பணம் சபையின் பொதுக் கணக்கிற் கரையாது, அவ்வழிக்கென ஒரு தனிக் கணக்கில் இருக்கவேண்டும். ஆண்டுதோறும் வரவு செலவு குடியிருப்பாளர் காண வெளியிடப்பட வேண்டும். இரண்டாவது, பஸ் உரிமையாளருக்கு மொத்தமாக மானியம் கொடுத்தலாகாது. நேர அட்டவணைப்படி ஓடிய ஓட்டத்துக்கு மாத்திரமே கொடுப்பனவு வழங்க வேண்டும். ஓடாத இறுதி வண்டிக்கு ஒரு சதமும் இல்லை. தேசியப் போக்குவரத்து ஆணைக்குழு இரவு வேளைக்கென வகுத்த ‘நிசி சரிய’வும், கிராமப் புறங்களுக்கென வகுத்த ‘கெமி சரிய’வும், இலாபமற்ற ஓட்டத்துக்குப் பொதுப்பணம் கொடுக்கும் முறை இங்கு அறியப்பட்டதே என்பதைக் காட்டுகின்றன. மூன்றாவது, முதற் குடும்பம் குடிவரும் நாளிலேயே வண்டி ஓடத் தொடங்க வேண்டும். கார் வாங்கியவரைப் பின்னர் பஸ்ஸுக்கு அழைப்பது கடினம்.

நிருவாகத் தடையொன்றும் உண்டு. கட்டட அனுமதி நகர அபிவிருத்தி அதிகார சபையிடமும் உள்ளூராட்சி மன்றத்திடமும் உள்ளது. மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸுக்கு வழி அனுமதி வழங்குவது மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை. குடியிருப்பின் கோவையும் பஸ்ஸின் கோவையும் ஒரே மேசையில் ஒருபோதும் சந்திப்பதில்லை. ஆகவே, குறித்த எண்ணிக்கைக்கு மேற்பட்ட வீடுகளுக்கான விண்ணப்பம் எதுவாயினும் மாகாணப் போக்குவரத்து அதிகார சபையின் கருத்தைப் பெற்ற பின்னரே அங்கீகரிக்கப்பட வேண்டும் என்ற ஒரு விதியிலிருந்து நாம் தொடங்கலாம்.

செல்வர் வாழும் தொடர்மாடிகளுக்குப் பஸ் எதற்கு என வினவுவோரும் உளர். அத்தொடர்மாடிகளின் வாயிலைக் காப்பவரும், படிகளைக் கழுவுபவரும், அங்கு சமைப்பவரும் விடியுமுன்னே எங்கிருந்தோ வந்து சேர்கின்றனர் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். புதிய குடியிருப்புக்காக ஓடும் வண்டி, இடைவழியிலுள்ள பழைய கிராமத்தாரையும் ஏற்றிச் செல்லும். அவர்களது வீதியிலேயே கட்டுமான லொறிகள் ஓடின. அவர்களது வடிகாலிலேயே புதிய வீடுகளின் மழைநீர் பாய்கின்றது. பயனிலும் அவர்களுக்கு ஒரு பங்கு கிடைத்தல் நீதியே.

பல்கலைக்கழகத்தில் நாம் நகராக்கத்தைப் பற்றியும் பிராந்திய ஏற்றத்தாழ்வைப் பற்றியும் அதிகம் பேசுகின்றோம். அப்பேச்சுக்கள் சட்டத்தின் ஒரு வரியாகவும் அட்டவணையின் ஒரு நேரமாகவும் மாறும்போதே பயனுடையன ஆகின்றன. எமது குடியிருப்பின் மறுபுறத்தில் இப்பொழுது மற்றுமொரு தென்னந்தோட்டம் அளக்கப்பட்டு, எல்லைக் கற்கள் நடப்பட்டுள்ளன. அதற்கான அனுமதி வழங்கப்படுமுன், அங்கு குடிவரப்போகும் மக்களுக்கு எத்தனை மணிக்கு இறுதி பஸ் என்று ஓர் அதிகாரியேனும் கேட்பாராயின், அதுவே நல்ல தொடக்கமாகும். அதிகாரிகள் கேட்கும்வரை காத்திராது, குடியிருப்பாளரின் கையொப்பங்களுடன் பிரதேச சபைக்கு இக்கேள்வியை எழுதி அனுப்பும் பணியை நாமும் அயலாரும் தொடங்கியுள்ளோம். முதற் கையொப்பம் அந்த அக்காவினுடையது.